பனை யாருடையது, கிணறு யாருடையது: போர்க்கால யாழ்ப்பாணக் கிராமங்களில் எங்கள் சிறுபராயம்



கே. டானியல் 1986 மார்ச் மாதத்தில் தஞ்சாவூரில் காலமானார். அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று யாழ்ப்பாணக் கிராமத்தின் உள்வீட்டை நாவல் நாவலாகத் திறந்து காட்டியவர் அவர். அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 1987 மே மாத இறுதியில், வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியது. விமானக் குண்டும் இடப்பெயர்வும் கிராமத்தின் அன்றாடமாகிப்போன நீண்ட காலத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அவருடைய கதைகளில் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்ற பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்தோம். அவர் விட்ட இடத்திலிருந்து சில விடயங்களைச் சொல்வது எங்கள் கடமை என்று நினைக்கிறோம்.

இந்த உரையில் 'நாங்கள்' என்பது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிக் குடியிருப்புகளில் 1980ஐ ஒட்டிப் பிறந்தவர்களைக் குறிக்கும். நளவர், பள்ளர், பறையர், வண்ணார், அம்பட்டர் என்று ஊர் எங்களைப் பிரித்துக் கூப்பிட்டது. 'பஞ்சமர்' என்று சேர்த்தும் கூப்பிட்டது. எங்கள் மூத்தவர்கள் 'சிறுபான்மைத் தமிழர்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்து மகாசபை அமைத்தார்கள். 'தலித்' என்ற சொல் எங்களிடம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. இங்கே சொல்லப்படும் நினைவுகள் ஒரு தனியாளுடையவை அல்ல. பல வருடங்களாக நாங்கள் கூடிக் கதைத்தபோதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தவை.

போர்க்காலச் சிறுபராயம் பற்றி ஈழத்தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கு, பங்கர், சைக்கிள் டைனமோவில் பாடிய றேடியோ, பனங்கட்டி கடித்துக் குடித்த தேநீர், கிளாலிக் கடல். எல்லாம் உண்மை. ஆனால் அந்த எழுத்துகளை வரிசையாகப் படித்தால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வளவில் பிறந்து ஒரே பங்கருக்குள் ஓடியவர்கள் போலத் தோன்றும். நினைவு தனிமனிதரின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, அவர் வாழும் சமூகக் குழுவே அதற்குச் சட்டகம் போடுகிறது என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ். போரைப் பற்றிய பொதுநினைவின் சட்டகத்தைப் போட்டவர்கள் காணியும் கல்வீடும் உள்ளவர்கள். அந்தச் சட்டகத்துக்குள் எங்கள் சிறுபராயம் அரைவாசிதான் அடங்குகிறது.

"குண்டுக்குச் சாதி தெரியாது" என்ற வசனத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். குண்டுக்குத் தெரியாதுதான். ஆனால் குண்டிலிருந்து ஒளிய ஒரு துண்டு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். எங்கள் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

போருக்கு முன் எங்களிடம் இருந்தது

நாங்கள் பிறந்தபோது தேநீர்க்கடைக் கதவுகள் எங்களுக்குத் திறந்திருந்தன. அவை தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், சங்கானை நிற்சாமத்திலும் கரவெட்டிக் கன்பொல்லையிலும் சிந்தப்பட்ட இரத்தம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் ஆகியவை திறந்து வைத்த கதவுகள் அவை. எங்கள் ஐயாமாருக்குக் கடையில் போத்தலில் தேநீர் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிளாசில் கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. இதை யாரும் சின்னதாகச் சொல்ல நாங்கள் விடமாட்டோம்.

கடையும் கோயிலும் பொது இடங்கள். 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் பொது இடங்களைத்தான் பேசியது. வளவும் வளவுக்குள் இருந்த கிணறும் தனியார் சொத்து. எங்கள் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னொருவர் காணியில் கொட்டில் போட்டுக் குடியிருந்தன. வாடகை என்று காசு கொடுத்தவர்கள் குறைவு. தோட்டத்தில் இறைப்பது, வேலி அடைப்பது, சீவல் தொழில், நன்மை தீமைக்கு வந்து நின்று வேலை செய்வது, இவைதான் வாடகை. உறுதி என்று ஒரு தாள் வீட்டில் இருக்கவில்லை. குடியிருந்த நிலமும் பெரும்பாலும் வயல் ஓரமாக, கடல் ஓரமாக, உவர் ஓரமாக, பள்ளமாக இருந்தது. அதனால் கிணறு தோண்டினாலும் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. நல்ல தண்ணீருக்கு மேட்டுப்பக்கத்து வளவுகளை நோக்கித்தான் நடக்க வேண்டும். படலையில் நின்று "நாச்சியார்" என்று கூப்பிட்டு, அவர்கள் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றவர்கள் எங்கள் ஆச்சிமார். எங்கள் காலத்தில் சில வளவுகளில் நாங்களே அள்ளலாம் என்று ஆகியிருந்தது. சில வளவுகளில் ஆகியிருக்கவில்லை.

போர் இந்த நிலத்தின் மேல்தான் வந்தது.

பங்கர்

1987 யூன் 4 அன்று இந்திய விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டபோது எங்களில் பலர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தோம். அண்ணாந்து பார்த்துக் கை தட்டியது நினைவிருக்கிறது. அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினோம். 1990 யூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு, சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லும் அறிவு எங்களுக்கு வந்துவிட்டது. ஹெலியும் பொம்பரும் 'சகடை'யும் வேறு வேறு சத்தம்.

வீட்டுக்கொரு பங்கர் வெட்டச் சொன்னார்கள். எழுத்தில் வரும் பங்கர் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: 'ட' வடிவில் கிடங்கு, மேலே பனங்குற்றி அடுக்கி, அதன் மேல் மண்மூட்டை. அந்தப் பனங்குற்றி எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

குடாநாட்டில் அந்த ஆண்டுகளில் எண்ணிக்கையில்லாமல் பனைகள் தறிக்கப்பட்டன. பனைக்குச் சொந்தக்காரர் காணிக்காரர். எங்கள் ஐயாமார் நாளுக்கு இரண்டு தடவை அந்தப் பனைகளில் ஏறி இறங்கியவர்கள். எந்த மரம் வயிரம் பாய்ந்தது, எது கோறை என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள். கல்வீட்டு வளவுகளில் பங்கர் வெட்டக் கூப்பிட்டதும் அவர்களைத்தான். மரத்தைத் தறித்து, குற்றியாக்கி, தோளில் சுமந்துவந்து, கிடங்கை மூடி, மண்மூட்டை அடுக்கிக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் கிடங்கை மூட ஒரு மரம் கேட்க அவர்கள் தயங்கி நின்றார்கள். கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்தது. சிலருக்கு வட்டுப் பக்கமும் உக்கின துண்டும் கிடைத்தன. சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் கிடுகும் தகரமும் போட்டு மேலே மண் கொட்டினார்கள். அது வெயிலைத்தான் மறைத்தது.

நிலமும் ஒத்துழைக்கவில்லை. பள்ளக் காணியில் மூன்றடி வெட்டினால் மாரியில் தண்ணீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பங்கர்கள் குளமாகிவிடும். தவளையோடும் சில வேளைகளில் பாம்போடும் முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். வயதான ஆச்சிமார் "நான் வரமாட்டன், செத்தாலும் பாயில சாகிறன்" என்று கொட்டிலுக்குள்ளேயே கிடந்தார்கள். மேட்டு வளவில் நல்ல பங்கர் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதை வெட்டியதே ஐயா என்றும் தெரியும். ஷெல் அடி தொடங்கினால் அங்கே ஓடலாமா என்று அம்மாவிடம் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா பதில் சொல்ல யோசித்த அந்த ஒரு கணம்தான் எங்கள் தலைமுறைக்குச் சாதி பற்றிக் கிடைத்த முதல் பாடம்.

ஓடிய இடத்தில் உள்ளே எடுத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் உயிர் தப்புவது இன்னொருவருடைய நல்ல மனத்தில் தங்கியிருந்த பிள்ளைகளும், தங்கள் சொந்த வளவிலேயே தப்பிக்க முடிந்த பிள்ளைகளும் ஒரே ஊரில் இருந்தோம். இந்த வித்தியாசம் பதியப்பட வேண்டும்.

இன்னொன்று. ஹெலி வரும் சத்தம் கேட்டால் முற்றத்தில் நிற்பவர் பத்துப் பாய்ச்சலில் பங்கருக்குள் போய்விடுவார். பனை வட்டில் இருப்பவர் இறங்கி வருவதற்குள் ஹெலி தலைக்கு மேல் வந்துவிடும். மரத்தில் ஆளசைவு கண்டால் சுடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. காலையும் மாலையும் ஐயா பாளைக்கத்தியோடு போனால், அவர் முட்டியோடு திரும்பி வரும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீடுகளின் வழக்கம். போர்க்கால ஆபத்துகளைப் பட்டியல் போட்டவர்கள் இதை ஒரு தொழில் ஆபத்தாகக்கூடக் குறித்து வைக்கவில்லை.

தடை

1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில் விற்கப்பட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, வெளியே போவதென்றால் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும் என்றானது.

தடைக்காலம் சிக்கனத்தையும் புத்திக்கூர்மையையும் கற்றுத் தந்தது என்று பலர் பெருமையோடு எழுதுகிறார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியை நிறுத்தினால் ஒரு இரவுப் படிப்பு முடியும். எங்களுக்கு அது புதிய சிக்கனம் இல்லை. மின்சாரம் வந்திராத குடியிருப்புகளுக்கு மின்சாரம் நின்றதால் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. குப்பி விளக்குப் போய் ஜாம் போத்தல் வந்தது, அவ்வளவுதான். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்ப்பதும் ஒடியல் கூழ் குடித்து நாளைக் கடத்துவதும் எங்கள் வீடுகளில் முன்பே இருந்தவை. ஊர் முழுவதும் அவற்றைச் செய்யத் தொடங்கியபோதுதான் அவற்றுக்கு 'எங்கள் பண்பாடு' என்ற மரியாதை வந்தது. சீனி இல்லாமல் போனதும் பனங்கட்டிக்குக் கிராக்கி ஏறியது. பனங்கட்டி காய்ச்சத் தெரிந்த எங்கள் அம்மாமாரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தச் சில வருடங்கள் பனைத்தொழில் எங்கள் வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. இதுவும் போரின் ஒரு பக்கம்தான். சொல்லாமல் விடமாட்டோம்.

றேடியோக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பற்றரி இல்லாததால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். இரவில் பி.பி.சி. தமிழோசை, வெரித்தாஸ். எங்களில் பல பையன்கள் அந்தப் பெடலைச் சுற்றியவர்கள். றேடியோ கல்வீட்டுக்காரருடையது. அவர்களும் அயலவர்களும் திண்ணையில் இருந்து செய்தி கேட்டார்கள். நாங்கள் முற்றத்தில் குந்தியிருந்து சுற்றினோம். வேகம் குறைந்தால் குரல் இழுபடும். உடனே அதட்டல் வரும். ஒரே செய்தியைத்தான் எல்லோரும் கேட்டோம். யார் எங்கே இருந்து கேட்டோம் என்பது முக்கியமில்லை என்று யாராவது சொன்னால், அவர் திண்ணையில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டங்களில் இறைப்பு இயந்திரங்கள் நின்றன. மண்ணெண்ணெய் விலையில் மெசினால் இறைத்துக் கட்டாது. பழைய துலாக்கள் திரும்ப ஏறின. துலா மிதிக்கவும் பட்டை பிடிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் அண்ணன்மார் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு இறைப்புக்குப் போன வருடங்கள் அவை. அப்பு காலத்து வேலை பேரனுக்குத் திரும்பி வந்தது.

இயக்கமும் சாதியும்

இதைப் பேசாமல் கடந்துபோனால் இந்த உரை நேர்மையாக இராது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் குடாநாடு இருந்த 1990 - 1995 காலத்தில் சாதிப் பெயர் சொல்லி வெளிப்படையாக ஏசுவது குறைந்தது. முறைப்பாடு போனால் தண்டனை வரும் என்ற பயம் இருந்தது. எங்கள் ஐயாமாரை "டேய்" என்று கூப்பிட்ட சின்னப் பெடியன்கள் வாயை அடக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர்களிலிருந்து இயக்கத்துக்குப் போன இளைஞர்களும் பெண்களும் அங்கே பொறுப்புகளில் இருந்தார்கள். சீருடையோடு அவர்கள் ஊருக்குள் வந்தபோது ஊர் அவர்களுக்குக் கதிரை போட்டது. எங்கள் அம்மாமாருக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் சாதியைப் பற்றிப் பேசுவதும் அதோடு சேர்த்து அடக்கப்பட்டது. "இப்ப அதைக் கதைக்கிற நேரமில்லை, ஒற்றுமை குலையும்" என்றார்கள். 1960களின் போராட்டம் பள்ளிப் பாடத்திலும் இல்லை, மேடையிலும் இல்லை. நிற்சாமத்தின் கதையை எங்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே படித்தோம். காணியில் கை வைக்கப்படவில்லை. வளவுக்குள் இருந்த கிணறு அப்படியே இருந்தது. கல்யாணம் அப்படியே இருந்தது. குடாநாட்டை விட்டு வெளியேறப் 'பாஸ்' எடுக்க வேண்டும், அதற்குக் காசும் பிணையும் வேண்டும் என்ற நடைமுறை வந்தபோது அதுவும் சொத்தைக் கேட்டது. சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். அவர்களும் சுகமாகப் போனவர்கள் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு முன்னால் இருந்த தெரிவுகள் இரண்டு: இறைப்பு அல்லது இயக்கம்.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்களோடு ஒரே வயதுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30 அன்று, நாங்களும் மூட்டையோடு தெருவில் நின்றோம். எங்கள் துயரத்தைச் சொல்லும்போது அவர்களுடையதைச் சொல்லாமல் விடும் உரிமை எங்களுக்கு இல்லை.

1995

அந்த வருடம் சாவு பிள்ளைகளைத் தேடி வந்தது. யூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செப்ரெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலையின் மீது குண்டு போடப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு, கைப்பிள்ளைகளைப் போல எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாமார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

ஒக்ரோபர் 17 அன்று 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே இரவில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். மழை. ஒரு கிலோமீற்றர் நகரப் பல மணித்தியாலம். அந்த இரவில் தெருவில் சாதி தெரியவில்லை என்பது உண்மை. தாகத்தில் அழுத பிள்ளைக்கு யாரோ ஒருவர் போத்தலை நீட்டினார். யாருடைய போத்தல் என்று எவரும் கேட்கவில்லை. குடையைப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திக் குடித்தோம். 'நாங்கள் எல்லோரும் ஒன்று' என்று நாங்கள் நம்பிய இரவு ஒன்று இருந்தது என்றால் அது அந்த இரவுதான்.

தென்மராட்சியில் விடிந்தது. பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், தேவாலயங்கள், மாமரத்தடிகள் எல்லாம் நிறைந்தன. தென்மராட்சி மக்கள் தங்கள் வீடுகளைத் திறந்தார்கள். அந்த உபகாரம் பெரியது. ஆனால் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி இருந்தது.

"எந்த ஊர் பிள்ளை?"

ஊரைச் சொல்வோம்.

"அதில எந்தக் குறிச்சி? எந்தக் கோயிலடி?"

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். யாரையும் நேரே சாதி கேட்க வேண்டியதில்லை. கோயிலடியைக் கேட்டால் போதும். எங்களில் சிலர் பக்கத்துக் குறிச்சியின் பெயரைச் சொல்லப் பழகினோம். அம்மாவும் பிள்ளையும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்பதற்காக வழியில் ஒத்திகை பார்த்த குடும்பங்கள் இருந்தன. உண்மையைச் சொன்னவர்களில் சிலருக்கு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சிலருக்கு "இனி இடமில்லை" என்ற பதில் கிடைத்தது. பின்னால் வந்தவர்களுக்கு இடம் இருந்தது.

பிறகு கிணறு. தென்மராட்சியின் கிணறுகள் இவ்வளவு சனத்தை எதிர்பார்க்கவில்லை. நீர் கலங்கியது, வற்றியது. அதனால் எல்லோருக்கும் கட்டுப்பாடு வந்தது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் சில வளவுகளில் நாங்கள் குடத்தோடு வருவதைக் கண்டதும் வாளியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள். தண்ணீர் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. வாளி இல்லை என்றார்கள். தூர இருந்த பொதுக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடந்தது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மரத்தடியில் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது அவர்களில் பலர் அங்கே இல்லை. காலையில் இரண்டு தடவை, பின்னேரம் இரண்டு தடவை தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது. 'போரால் கல்வி இழந்தோர்' என்ற கணக்கில் அவர்கள் வருவார்கள். வாளியைக் கழற்றியவர்களால் கல்வி இழந்தோர் என்று ஒரு கணக்கு எங்கேயும் இல்லை.

மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது, ஓர் ஆசிரியர் குறிச்சி கேட்டு வரிசை பிரித்தார். இன்னோர் ஆசிரியர் தன் கொப்பியைக் கிழித்து எங்களுக்குத் தாள் தந்தார். இரண்டு பேரும் ஒரே மரத்தின் கீழ்தான் படிப்பித்தார்கள். இருவருடைய முகமும் நினைவிருக்கிறது.

திரும்பியவர்களும் திரும்பாதவர்களும்

1996 ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலானோர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கல்வீடுகளில் கூரை இல்லை, கதவு இல்லை, சில வீடுகளில் சுவரும் இல்லை. ஆனால் அத்திவாரம் இருந்தது. எங்கள் கொட்டில்கள் இருந்த இடத்தில் புல் இருந்தது. கிடுகும் மண்ணும் ஒரு மாரிக்குள் கரைந்துவிடும். பிறகு நட்டஈட்டு விண்ணப்பம் நிரப்பச் சொன்னபோது வீட்டின் சேத விபரம், காணி உறுதி இலக்கம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. இடிந்ததாகக் காட்டவும் ஒரு சுவர் தேவைப்படுகிறது.

வலிகாமம் வடக்கின் கதை இதைவிட நீளமானது. 1990 யூனில் மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி சூழலிலிருந்து வெளியேறிய மக்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மல்லாகத்தில் கோணப்புலம், நீதவான் முகாம், சுன்னாகத்தில் கண்ணகி முகாம், சபாபதிப்பிள்ளை முகாம் என்று முகாம்கள் முளைத்தன. காசு உள்ளவர்கள், வேறு இடத்தில் காணியோ உறவோ உள்ளவர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் வந்தவர்கள் ஒவ்வொருவராக முகாமை விட்டுப் போனார்கள். போர் 2009இல் முடிந்தது. அதற்குப் பிறகும் முகாம்களில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பான்மை காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். முகாமில் பிறந்த பிள்ளை முகாமிலேயே பிள்ளை பெற்ற கதை அது. கால் நூற்றாண்டுக்குமேல் ஒரு மக்கள்கூட்டம் முகாமில் இருந்ததற்கு இராணுவம் மட்டும் காரணம் என்றால், ஒரே நாளில் இடம்பெயர்ந்த மற்றவர்கள் எப்படி வெளியேறினார்கள்?

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. அதற்கு எதிரான போராட்டம் நியாயமானது. நாங்களும் அதில் நின்றோம். ஆனால் கோசத்தைக் கவனித்துக் கேளுங்கள்: "எமது சொந்த நிலம் எமக்கு வேண்டும்." சொந்த நிலம் இல்லாதவர் இந்தக் கோசத்துக்குள் எங்கே நிற்பார்? காணி விடுவிக்கப்பட்ட அன்று காணிக்காரர் உறுதியோடு போய் எல்லைக்கல் தேடினார். அவருடைய காணியில் மூன்று தலைமுறை குடியிருந்தவருக்கு முகாமிலிருந்து போக ஓர் இடம் இல்லை. முகாம்களை ஆறு மாதத்துக்குள் மூடுவோம் என்று 2015 இறுதியில் அன்றைய ஜனாதிபதி வாக்குறுதி தந்தார். ஆறு மாதம் போனது, முகாம் மூடப்படவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்குக் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. அந்த வீட்டைக் கட்டவும் முதலில் ஒரு துண்டு நிலம் வேண்டும். பங்கரில் தொடங்கிய கேள்வி இதுவரை வந்துவிட்டது.

சாதி போரோடு அழிந்தது என்று சொல்பவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். 2017இல் புத்தூர் கலைமதிக் கிராம மக்கள் தங்கள் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிக்க வேண்டாம் என்று வீதியில் இருந்து போராட வேண்டியிருந்தது. 2018இல் தென்மராட்சி வரணியில், ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கக் கூடாது என்பதற்காக ஓர் அம்மன் தேரை மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்தார்கள். வாளியைக் கழற்றிய கையை நாங்கள் அங்கே திரும்பக் கண்டோம்.

என்ன செய்ய வேண்டும்

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்க்கால நினைவுகளைச் சேகரிக்க இன்று பலர் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போகிறார்கள். நல்லது. போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "என்ன துன்பப்பட்டீர்கள்?" என்பது. அதோடு நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒளிந்த பங்கர் யாருடைய காணியில் இருந்தது? அதை மூடிய பனை யாருடையது? இடம்பெயர்ந்த இடத்தில் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள், யார் அள்ளித் தந்தார்கள்? வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கையில் என்ன தாள் இருந்தது? இந்த நான்குக்கும் பதில் எழுதினால் போதும்; சாதி பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் தேவைப்படாது. விரைவாகச் செய்யுங்கள். துலா மிதித்தவர்களும் பங்கர் வெட்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

செயற்பாட்டாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காணி விடுவிப்பைக் கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் காணியற்றோருக்குக் காணி என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத மனுவில் நாங்கள் கையெழுத்து வைக்கக் கூடாது. கிராமசேவகர் பிரிவுவாரியாக, இன்னொருவர் காணியில் குடியிருக்கும் குடும்பங்களின் விபரத்தை நாமே திரட்ட வேண்டும். அரசகாணி எங்கே இருக்கிறது, கோயில் காணி எவ்வளவு தரிசாகக் கிடக்கிறது, வெளிநாடு போனவர்களின் வளவுகள் எத்தனை பற்றையாகிக் கிடக்கின்றன என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும். புலம்பெயர்ந்த காணிக்காரர்களில் மனமுள்ளவர்கள் தங்கள் காணியில் குடியிருந்தவர்களுக்கு இரண்டு பரப்பு எழுதிக் கொடுக்க முடியும். கேட்க வேண்டியது நாம். நயினார் என்று கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை. உரிமையாகக் கேட்கலாம்.

1966இல் சுன்னாகத்திலிருந்து நடந்தவர்கள் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போகும் வழியைத் திறந்துவிட்டுப் போனார்கள். வளவுப் படலை இன்னும் சாத்தியிருக்கிறது. அதைத் திறக்கும் வேலை எங்கள் தலைமுறைக்கும், இந்த மண்டபத்தில் இருக்கும் உங்கள் தலைமுறைக்கும் மிச்சமாக இருக்கிறது.